அப்படியொரு கோப்பு இல்லை

லியெபாயா துறைமுகம். பிப்ரவரி. இரவு பதினொன்றே கால்.
ஜன்னலில் உப்புப் படிந்திருக்கிறது.
வெல்கா புது முனையத்தைத் திறக்கிறாள்.
திறந்த வேகத்தில் அது சாத்திக்கொள்கிறது,
கதவிடுக்கில் ஒரு வரி மட்டும் சிக்கி நிற்கிறது:
அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை.

இருக்கிறது.
வரைகலையற்ற கருப்புத் திரைக்கு மாறிப் பார்க்கிறாள்.
ஷெல் இருக்கிறது, இருக்க வேண்டிய இடத்தில்.
பெயர் சரி. அனுமதி சரி. தேதிகூடச் சரி.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி படிக்கிறாள்.
கண்ணாடியின்மேல் குற்றமில்லை.

நாலு மணிக்கு ஓயார்ஸ் படகெடுப்பான்,
வெளியே நங்கூரமிட்டு ஆடும் மரக்கப்பலை
உள்ளே கூட்டிவர.
அதற்குள் மிதவை சொல்வதை இவள் சொல்லியாக வேண்டும்.
மிதவையோடு பேசும் நிரல்
இந்த முனையத்துக்குள்தான் ஓடும்.

மூன்று வாரம் முன்பும் இப்படித்தான்.
எரிச்சலில் கையாலேயே ஓர் இணைப்பைப் போட்டாள்.
வேலை செய்தது. அன்று வியாழன்.
வெள்ளி காலை கணினி எழுந்தபோது
இணைப்பு கிடந்த சுவடே இல்லை.
துடைத்த சிலேட்டாகத்தான் தினமும் எழ வேண்டும் என்று
அமைப்புக் கோப்பில் எழுதியவளும் அவள்தான்.
எழுதிக் கொடுத்ததை அது கட்டித் தரும்;
கெஞ்சியதை, திட்டியதை,
அவசரத்துக்கு ஒட்டவைத்ததை
கணக்கில் கொள்ளாது.

மரக்கப்பல் விளக்குகள் ஒருமுறை தாழ்ந்து எழுகின்றன.

இணைப்பின் வாலைப் பிடித்துப் போகிறாள்.
வீட்டு அடைவிலிருந்து ஒரு சுட்டல்,
அங்கிருந்து இன்னொன்று,
கடைசியில் சேமிப்பறை வாசல்:
முப்பத்திரண்டு எழுத்துக் குழறல், அதன் பின்னே
ஷெல்லின் அசல் உடம்பு.
முனையமோ மணல்பெட்டிக்குள் வாழ்கிறது.
அதற்கு அவள் வீட்டைக் காட்டியிருக்கிறாள்,
சேமிப்பறையைக் காட்டவில்லை.
சுட்டும் விரல் தெரிகிறது அதற்கு.
சுட்டிய இடத்தில் சுவர்.

வெல்காவுக்குச் சிரிப்பு வருகிறது, கொஞ்சம் கோபத்தோடு.
அக்டோபரில் அவள் பார்சல் திரும்பிப் போனது:
இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை.
தபால்காரர் கீழ்வாசலில் நின்று அதை எழுதிய நேரம்
மூன்றாம் மாடியில் அவள்
பீட்ரூட் சூப் குடித்துக்கொண்டிருந்தாள்.
அழைப்புமணியில் இன்னும் ஸ்ட்ராவ்ட்மனிஸ்,
காலிசெய்து போய் நாலு வருடம்.
பொய் சொல்லவில்லை அவர்.
நின்ற இடத்திலிருந்து உண்மையைத்தான் எழுதினார்.

சரி. மூன்று வரி.
சேமிப்பறையைப் பார்க்கலாம், தொடக் கூடாது.
எழுதிக் கட்டச் சொல்கிறாள்.
எண்பத்தெட்டாம் வரியில் பிழை என்கிறது.
எண்பத்தெட்டில் ஒன்றுமில்லை;
எண்பத்தேழின் கடைசியில் அரைப்புள்ளி விழுந்துபோயிருக்கிறது.
மறுபடி. விசிறி இரைகிறது.
இருநூற்றுப் பதின்மூன்றாம் தலைமுறை பிறந்தது.
பன்னிரண்டாமதும் பதினொன்றாமதும்
துவக்கப் பட்டியலில் ஓரமாக உட்கார்ந்திருக்கின்றன,
கூப்பிட்டால் வரத் தயாராக.

முனையம் திறக்கிறது. திறந்தே இருக்கிறது.
மிதவை பேசுகிறது: ஒன்றே முக்கால் மீட்டர், தென்மேற்கு.
அப்படியே தட்டி அனுப்புகிறாள். திரையில்:

ஓய□ர்ஸ், 1.75, தென்மேற்கு, போகலாம்.

நமக்கு நெடில் பக்கத்தில் நிற்கும் துணைக்கால்,
அவர்களுக்குத் தலைமேல் ஒரு கோடு.
அந்தக் கோடு போட்ட எழுத்தைத்தான்
மணல்பெட்டி எழுத்துரு அறியாது.
அவன் பெயர் நடுவில் ஒரு காலிச் சதுரம்,
ஆள் குடிவராத ஜன்னல்போல.

அவன் பக்கம் முழுசாகவே போய்ச் சேரும், தெரியும்.
ஆனாலும் அந்தச் சதுரத்தை
விரல் நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்க்கிறாள்.

மணி பன்னிரண்டு நாற்பது.
ஒரு துண்டுக் காகிதத்தில்
எழுத்துரு என்று எழுதி, கீழே
அழைப்புமணி என்று எழுதி
காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கிறாள்.
கோப்பை ஈரம்.
முதல் சொல் அப்போதே கலங்கத் தொடங்குகிறது.